எங்கட நாய் ஒண்டும் செய்யாது

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கோழி வளர்க்கிற ஒரு வீட்டின் கேற்றைத் தட்டிப் பாருங்கள். முதலில் நாய் குரைத்துக்கொண்டு வரும். பின்னால் சாரத்தை இறுக்கியபடி வீட்டுக்காரர் வருவார். "பயப்பிடாமல் வாங்கோ, எங்கட நாய் ஒண்டும் செய்யாது." உள்ளே போனால், உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் நாலைந்து கோழிகள் கிளறிக்கொண்டு நிற்கும். "கோழியளோட எப்பிடி?" என்று கேட்டால், அதே மறுமொழி அதே நம்பிக்கையோடு வரும்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். எங்கள் வீட்டில் நின்றது ஊர் நாய், பெயர் பிரவுணி. ஐந்து பேடுகள் வந்து எட்டு மாதமாகியும் அது ஒன்றையும் தொட்டதில்லை. கோழிகள் அதன் வாலைத் தாண்டிப் போகும். அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் படுக்கும். அந்தக் காட்சியைப் படம் எடுத்துக் கனடாவில் இருக்கிற தங்கைக்கும் அனுப்பியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், மதிலில் ஏறி நின்ற பேடு ஒன்று வழுக்கி, சிறகடித்தபடி அதன் மூக்குக்கு முன்னால் விழுந்து ஓடியது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மூன்று கோழிகள் செத்துக் கிடந்தன. ஒன்றைக்கூட அது தின்னவில்லை. கடைசிக் கோழியைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்துவிட்டு வாலாட்டியது.

விளக்குமாற்றை எடுத்தேன். படியில் இருந்த அம்மா தடுத்தார். "நாய்க்கு ஏன் அடிக்கிறாய்? கூட்டுக் கதவைத் திறந்து விட்டது நீயெல்லோ."

அன்றைக்கு அந்தச் சொல் சுட்டது. பிறகு யோசிக்க யோசிக்க, கொழும்பில் கோழியும் நாயும் பூனையும் ஒரே வளவில் வளர்க்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய சொல் அதுதான் என்று பட்டது.

நாயின் குணம் கெட்டு நடந்த கொலை அல்ல அது. உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, உதறிக் கொல்வது என்று வேட்டை விலங்கின் உடம்புக்குள் ஒரு சங்கிலி இருக்கிறது. மனிதன் தலைமுறை தலைமுறையாக நாய்களைத் தெரிந்தெடுத்து வளர்த்தபோது அந்தச் சங்கிலியில் தனக்கு வேண்டிய கண்ணிகளைத் தடிப்பாக்கினான், வேண்டாதவற்றைத் தேய்த்தான், முழுவதாக அறுத்துவிடவில்லை. சுடப்பட்ட பறவையைக் காயப்படுத்தாமல் கவ்வி வருவதற்கென்றே வளர்க்கப்பட்டது லாப்ரடோர். எலியையும் வளைக்குள் ஒளிக்கிற பிராணிகளையும் கொல்வதற்கென்றே வளர்க்கப்பட்டவை டெரியர் வகைகள். நம்மவர்கள் அல்சேஷனைக் கண்டு பயந்து கோழியைப் பூட்டுகிறார்கள். மடியில் வைத்துக் கொஞ்சுகிற சின்ன நாயைக் கோழிகளுக்கு நடுவில் இறக்கி விடுகிறார்கள். நாயின் உயரத்தை வைத்து ஆபத்தை அளப்பது பெரிய பிழை.

சங்கிலியை இழுத்து விடுவது அசைவு. மெல்ல நடந்து கிளறுகிற கோழி நாயின் கண்ணுக்கு வளவில் கிடக்கிற மற்றப் பொருட்களைப் போலத்தான். அதே கோழி சிறகடித்துக் கத்திக்கொண்டு ஓடினால் வேறொன்றாகிவிடுகிறது. ஒன்று ஓடினால் மற்றவையும் ஓடும். பசியே இல்லாத நாய்கூட ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். எட்டு மாதம் பிரவுணி சும்மா கிடந்ததற்கு என்ன அர்த்தம்? அந்த எட்டு மாதமும் எந்தக் கோழியும் அதன் மூக்குக்கு முன்னால் சிறகடித்து விழவில்லை என்பதுதான். அதை நான் நட்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கோழிகள் கொழும்புக்குள் இப்படித் திரும்பி வந்த காரணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், சோளம் விளையவில்லை. அடுத்த ஆண்டு டொலர் தீர்ந்தது. வெளியிலிருந்தும் தீன் வரவில்லை. பண்ணைகள் கோழிகளைக் குறைத்தன. 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டுத் தோட்டம் செய்யச் சொன்னது அரசாங்கம். ஒகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்ச விலை குறித்தார்கள். அந்த விலைக்கு முட்டை கிடைத்த கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலில் வந்து இறங்கியது. பிள்ளைக்கு ஒரு முட்டை அவிப்பதையே கணக்குப் பார்த்துச் செய்த அந்த நாட்களில்தான் பல வீடுகளின் பின்பக்கத்தில் கூடு முளைத்தது. விலை இறங்கிய பிறகும் சில வீடுகளில் கூடு நிற்கிறது. நிற்கட்டும். சமையலறை மிச்சத்தைத் தின்று முட்டை தருகிற ஒரு உயிர் நகரத்து வீட்டில் இருப்பது நல்லதுதான். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடசாலை இல்லை.

சிக்கல் இடத்தில் இருக்கிறது. வெள்ளவத்தையில் இன்று கோழி வளர்க்கிறவர்களில் பலர் யாழ்ப்பாணத்து வளவில் பிறந்தவர்கள், அல்லது அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகள். "ஊரில நாயும் கோழியும் ஒண்டாத்தானே திரிஞ்சதுகள்" என்று அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்த வளவு எத்தனை பரப்பு? மாவும் பலாவும் முருங்கையும் நின்ற நாலு பரப்புக் காணியில், நாய் எழும்பினால் கோழி கொப்பில் ஏறிவிடும். இரவில் மரத்தில்தான் படுக்கும். நாய்க்குட்டியாக வந்த நாளிலிருந்தே அடைக்கோழியிடம் கொத்து வாங்கி, எட்ட நிற்கப் பழகியிருக்கும். இதற்கெல்லாம் மேலாக, பருந்துக்கும் கீரிக்கும் நாய்க்கும் போக மிஞ்சியதுதான் கோழி என்ற கணக்கு அங்கே இருந்தது. பத்துக் குஞ்சு பொரித்தால் நாலு தப்பும். அதை யாரும் விபத்து என்று சொன்னதில்லை. ஆறு பேர்ச் காணியில் வீடு போக மிஞ்சுகிற சீமெந்துத் தரையில் கோழி எங்கே பறப்பது? மூன்று பாய்ச்சலில் நாய் இந்த மதிலிலிருந்து அந்த மதிலுக்குப் போய்விடும். ஊரில் தூரம் காத்தது. இங்கே தூரம் இல்லை. அந்த வேலையைக் கதவுதான் செய்ய வேண்டும்.

கதவு என்று நான் சொல்வது இரண்டு கதவு. நாம் உள்ளே போகும்போது நாய் காலுக்கிடையால் புகுந்துவிடாதபடி, கூட்டுக்கு முன்னால் ஒரு சின்ன அடைப்பும் அதற்கொரு கதவும் வேண்டும். முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறப்பது. கடையில் கோழி வலை என்று விற்கிற மெல்லிய அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்காது. பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும். கீரியும் எலியும்கூட நுழையாமல் இருக்க, அரை அங்குலக் கண்ணுள்ள, வெல்டிங் செய்த கம்பி வலைதான் வேண்டும். மண் தரையென்றால் வலையைக் கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒன்றரை அடி விரித்து, மேலே கல் வைத்துவிட வேண்டும். தோண்டுகிற நாய் அதற்கு மேல் நின்றுதான் தோண்டப் பார்க்கும். கதவுக்குக் கொக்கி போதாது, தாழ்ப்பாள் வேண்டும். பலர் கவனிக்காத இன்னொன்று: நாய் தொடாவிட்டாலும், நாள் முழுக்கக் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தால் கோழி வெருண்டு, வாயைப் பிளந்து இளைத்து, முட்டையை நிறுத்திவிடும். கொழும்பு வெயிலில் அந்தப் பயமே கோழியைக் கொன்றுவிடக்கூடும். கூட்டின் ஒரு பக்கத்தையாவது பலகையாலோ கிடுகாலோ மறைத்து, நாயின் கண்ணுக்குத் தப்பிப் போய் நிற்க அதற்கொரு மூலை கொடுங்கள்.

நாயைப் பழக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், நாட்கள் பிடிக்கும். கோழி கூட்டுக்குள் இருக்க, நாயைச் சங்கிலியில் பிடித்து, அது கோழியைப் பார்த்தும் உடம்பு இறுகாத தூரத்தில் நிறுத்த வேண்டும். நாய் கோழியிலிருந்து கண்ணை எடுத்து நம் முகத்தைப் பார்க்கிற கணத்தில் ஒரு துண்டு இறைச்சி. நாளுக்கு ஒரு அடி கிட்டப் போகலாம். காது முன்னுக்கு வந்து, வால் விறைத்து, ஒரு முன்னங்கால் தூக்கிக்கொண்டு நின்றால் அன்றைக்கு அவ்வளவுதான். திரும்பிப் போக வேண்டும். அடிப்பதால் ஒரு பயனும் இல்லை. துரத்துவதே நாய்க்குப் பரிசு. அந்தப் பரிசைப் பெற்ற பிறகு விழுகிற அடி எதற்கு விழுந்தது என்று அதற்குத் தெரியாது. பிரவுணியை நான் நான்கு மாதம் இப்படிப் பழக்கினேன். இன்று நான் பக்கத்தில் நிற்கும்போது அது கோழிகளுக்கு நடுவில் படுத்திருக்கும். நான் நிற்காத நேரத்தில் கதவு பூட்டியிருக்கும். பழக்கம் கதவுக்கு மேலதிகமாக வருவது. அதன் இடத்தை ஒருபோதும் பிடிக்காது.

பூனையின் கதை வேறு. வளர்ந்த கோழியோடு பெரும்பாலான வீட்டுப் பூனைகள் மோதுவதில்லை. கொத்து எவ்வளவு நோகும் என்று அவற்றுக்குத் தெரியும். குஞ்சென்றால் விடாது. குஞ்சைப் பறித்து மீட்டுவிட்டோம், சின்னக் கீறல்தான் என்று ஆறுதல்படுகிறவர்கள் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அது செத்துக் கிடப்பதைப் பார்ப்பார்கள். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பக்டீரியா இருக்கிறது. ஊசி முனையளவு பல் பட்டாலும் அது பறவையின் இரத்தத்தில் ஏறிவிடும். பூனை பிடித்த குஞ்சுக்குக் காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

கோழிக்கூட்டு மண்ணைப் பூனை மலசலகூடமாகப் பாவிப்பதையும் விட்டுவிடக்கூடாது. டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தோடு வெளிவந்து, மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். மண்ணைக் கொத்துகிற கோழிக்குள் போகும். அந்தக் கோழியின் பச்சை இறைச்சியைத் தின்கிற பூனைக்குள் மறுபடியும் போகும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கூட்டைத் துப்புரவாக்கும் வேலை வேறொருவருடையது. இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

இரவு நேரத்து விருந்தாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பு வெறும் சீமெந்துக் காடு என்று நினைப்பவர்கள் வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் ஒரு விடியற்காலை நின்று பார்க்கட்டும். நகரைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களுக்காக 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் இது. கால்வாய் வழியே கபரகொய்யா வரும். கூரை வழியே மரநாய் வரும். மதில் ஓரமாகக் கீரி வரும். முட்டைக்கும் குஞ்சுக்கும் வருகிற இவற்றோடு நமது நாய் மல்லுக்கட்டும்போதுதான் கோழிக்கூடு நம் வீட்டு வாசலுக்குள் வேறொரு ஆபத்தைக் கொண்டுவருகிறது. நீர்வெறுப்பு நோய் பறவைகளால் பரவுவதில்லை, பாலூட்டிகளால் பரவுகிறது. இலங்கையில் நாய்தான் முதற் காரணம். ஆனாலும் கீரியிலும் மரநாயிலும் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கோழியைக் காத்துவிட்டது என்று நாயைத் தட்டிக்கொடுக்கிற வீட்டுக்காரர், அதன் மூக்கில் இருக்கிற கீறலையும் பார்க்க வேண்டும். ஊசி போட்ட நாயென்றாலும் மிருக வைத்தியரிடம் காட்டி இன்னொரு ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கீரியைவிட நிச்சயமாக வருகிற விருந்தாளி எலி. இரவு தட்டில் மிஞ்சுகிற தீனுக்கும் சிந்திக் கிடக்கிற குருணலுக்கும் அது வரும். வந்து சிறுநீர் விடும். எலிக்காய்ச்சல் நமக்குப் புதிதல்ல: 2008இல் நாடு முழுக்க ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வந்தது, 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களை எடுத்தது. நாய்க்கும் அது வரும். தீனை மூடியுள்ள தகரப் பேணியில் வைப்பதும், பொழுதுபட முன் தட்டை எடுத்துக் கழுவுவதும், நாய்க்குப் போடுகிற ஊசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடுவதும் செலவே இல்லாத, அல்லது மிகச் சிறிய செலவுள்ள வேலைகள். கோழி குடிக்கிற தண்ணீர்ச் சட்டி இன்னொன்று. டெங்கு நுளம்பு சட்டியின் உள்பக்கச் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் முட்டை போகாது, காய்ந்தபடி மாதக்கணக்கில் இருக்கும். தினமும் தும்பால் உரஞ்சிக் கழுவ வேண்டும். கூட்டுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்த உடைந்த வாளியைக் கண்டுபிடிக்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மீது கோபப்படாதீர்கள். 2017இல் இந்த நாட்டில் 1,80,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்ததை நேரில் கண்டவர்கள் அவர்கள்.

ஒரே வளவில் பல உயிர்களை வளர்ப்பவர்கள் அதிகம் தவறுவது மருந்தில்தான் என்று ஒரு மிருக வைத்தியர் எனக்குச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் சரிதான். கோழிப்பேனுக்குத் தூவுகிற பெர்மெத்ரின் தூள் கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அந்தக் கோழி படுத்த சாக்கில் படுத்து, உடம்பை நக்குகிற பூனை நடுங்கி வலிப்பு வந்து சாகலாம். பூனையின் ஈரலால் அந்த நஞ்சை உடைக்க முடியாது. நாயின் உண்ணிக்குப் பிடரியில் விடுகிற மருந்துகளில் ஃபிப்ரோனில் இருக்கிறது. "உண்ணிக்குக் கேட்டால் கோழிச்செள்ளுக்கும் கேட்கும்தானே" என்று கோழிக்கும் இரண்டு துளி விட்டால், அது முட்டைக்குள் போகும். 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப் பண்ணைகளில் இந்த ஃபிப்ரோனில் கலந்த மருந்தை அடித்ததால் கோடிக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து எடுத்து அழிக்க நேர்ந்தது. குஞ்சுத் தீனில் இரத்தக்கழிச்சலுக்கு எதிராகச் சேர்க்கிற சாலினோமைசின் போன்றவையும் அப்படித்தான். 1996இல் நெதர்லாந்தில் பூனை உணவில் அது தவறுதலாகக் கலந்து, நூற்றுக்கணக்கான பூனைகளுக்குக் கால் இழுத்துவிட்டது. தீன் தட்டு நாய்க்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது வெறும் சுத்தத்துக்காக அல்ல.

இனிப் பச்சை இறைச்சி. கொட்டாஞ்சேனையில் கோழிக்கடை வாசலில் தலையும் குடலும் வாங்கிக்கொண்டு போய் நாய்க்கும் பூனைக்கும் போடுவது பல காலத்து வழக்கம். வருமானம் குறைந்த வீட்டில் நாய்க்குக் கிடைக்கிற இறைச்சி அது ஒன்றுதான். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அவித்துப் போடுங்கள் என்று கேட்கிறேன். 2004 ஒக்டோபரில் தாய்லாந்தின் சிறிராச்சா புலிப் பூங்காவில், பறவைக் காய்ச்சல் கண்ட பச்சைக் கோழியைத் தின்ற புலிகளில் நோய் பரவி, செத்ததும் கொல்லப்பட்டதுமாக 147 புலிகள் போயின. 2024 டிசெம்பரில் நாக்பூருக்கு அருகே கோரேவாடா மீட்பு நிலையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் அதே எச்5என்1 கிருமியால் இறந்தன. அடுத்த மாதமே மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளில் அது கண்டுபிடிக்கப்பட்டது. பூனை இனத்துக்கு இந்தக் கிருமி எவ்வளவு கொடியது என்று இப்போது நன்றாகத் தெரியும். கொழும்பில் யாரும் பதறத் தேவையில்லை. ஆனால் காரணம் தெரியாமல் இரண்டு மூன்று கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால், அதைப் பூனைக்கு எறியவோ, கால்வாய்க்குள் வீசவோ, அறுத்துக் கறி வைக்கவோ கூடாது. வெறுங்கையால் தொடாமல் மூடி வைத்துவிட்டு, மிருக வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

கொழும்பில் கோழிகள் கூட்டமாகச் சாவதென்றால் நான் முதலில் நினைப்பது ராணிக்கெட்டைத்தான். தூங்கித் தூங்கி, பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுகிச் சாகிற அந்த வருத்தத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நாய்க்கும் பூனைக்கும் அது தொற்றி நோயாவதில்லை. ஆனால் செத்த கோழியைக் கவ்விக்கொண்டு ஒழுங்கையின் அடுத்த முனைக்குப் போகிற நாய், நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாலு கோழிக்காரரின் கதவு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் போதாமல் போகிற இடம் இதுதான்.

கொட்டாஞ்சேனை இந்த விடயத்தில் வெள்ளவத்தை அல்ல. ஜம்பட்டா வீதியிலிருந்தும் புளூமெண்டல் வீதியிலிருந்தும் உள்ளே பிரிகிற தோட்டக் குடியிருப்புகளில் வளவு என்று ஒன்றே இல்லை. இரண்டு வரிசை வீடு, நடுவில் ஒரு ஆள் நடக்கிற பாதை, ஒரு வடிகான். கோழி அந்தப் பாதையில்தான் மேயும். நாய் ஒருவருடையது அல்ல, தோட்டத்தினுடையது. ஐந்து வீட்டில் சாப்பிட்டு ஆறாவது வீட்டு வாசலில் படுக்கும். பூனைகளும் அப்படியே. அங்கே நாய் கோழியைப் பிடித்துவிட்டால், யார் காசு கொடுப்பது என்று தொடங்குகிற பேச்சு வருடக்கணக்கில் இரண்டு குடும்பங்கள் முகம் பாராமல் போவதில் முடிந்ததை நான் அறிவேன். தனி வீட்டுக்குச் சொல்கிற புத்தி அங்கே செல்லாது. அங்கே கதவு பொதுவாகத்தான் இருக்க முடியும்: எந்த நேரம் கோழி வெளியே, எந்த நேரம் கரப்புக்குள் என்று தோட்டம் முழுவதும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தோட்டத்தில் அப்படிச் செய்கிறார்கள். காலை பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு கோழி வெளியே. பின்னேரம் நாய்களுக்குச் சாப்பாடு போட முன் கரப்புக்குள். சாப்பாட்டு நேரத்தில்தான் நாய்கள் தங்களுக்குள் கடிபட்டு வெறியேறி நிற்கும் என்று அவர்கள் தங்கள் அனுபவத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இங்கேதான் மாநகர சபையிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நாயைப் பதிவு செய்யச் சொல்கிற சட்டம் நம்மிடம் 1901 முதல் இருக்கிறது. 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. 2007இல் கொழும்பு மாநகர சபை புளூ போ டிரஸ்ட் என்ற அமைப்போடு சேர்ந்து, தெருநாய்களுக்கு ஊசி போடவும் கருத்தடை செய்யவும் தொடங்கியது. அதன் பயனை நாம் இன்று அனுபவிக்கிறோம். 1970களில் நீர்வெறுப்பு நோய் இந்த நாட்டில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. இன்று அது சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறது. மிருக வைத்தியக் குழு ஒழுங்கைக்குள் வருகிறது, நாய்களுக்கு ஊசி போடுகிறது, போகிறது. அதே ஒழுங்கையில் நிற்கிற கோழிகளை யாரும் கேட்பதில்லை.

ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசி இல்லாமல் அல்ல. கன்னொறுவையில் இருக்கிற மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகமே அதைத் தயாரிக்கிறது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. மருந்து வருவது நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போதுமான குப்பியில். கரைத்தால் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கிற வீட்டுக்காரர் ஒரு குப்பியை வாங்கி மிச்சத்தை என்ன செய்வது? வாங்காமல் விடுகிறார். ஒரு ஒழுங்கையின் எல்லாக் கோழிகளும் ஒரே நாளில் வந்தால் ஒரு குப்பி போதும். கண்ணில் ஒரு துளி. ஒரு கோழிக்கு அரை நிமிடம். குளிரூட்டி வசதி குறைந்த இடங்களுக்கென்றே அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவான ஐ-2 என்ற, வெப்பத்தைத் தாங்குகிற தடுப்பு மருந்தை மொசாம்பிக்கிலும் தன்சானியாவிலும் கிராமத்துப் பெண்களே நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்ப் போடுகிறார்கள். கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் அதைச் செய்ய முடியாத பெண்கள் இல்லையா?

நாயின் ஊசியையும் கோழியின் மருந்தையும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் கொண்டுவாருங்கள் என்பதுதான் நான் கேட்பது. இரண்டும் ஒரே மேசையிலிருந்து வந்தவைதான். 1879இல் லூயி பாஸ்டர் கோழிகளின் வாந்திபேதி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பழசாகிப்போன கிருமியை ஏற்றிய கோழிகள் சாகவில்லை. பிறகு புதிய கிருமியை ஏற்றியும் சாகவில்லை. ஆய்வுகூடத்தில் கிருமியை நலிவுபடுத்தித் தடுப்பூசி செய்யலாம் என்று உலகம் அறிந்தது அந்தக் கோழிகளிடமிருந்து. நோயை உண்டாக்கிய அந்தக் கிருமிதான் மேலே சொன்ன பாஸ்டுரெல்லா. அவருடைய பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அந்த வழியே போய்த்தான், ஆறு ஆண்டு கழித்து, 1885 ஜூலை 6ஆம் திகதி, நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு முதல் நீர்வெறுப்புத் தடுப்பூசி போட்டார்.

பாஸ்டர் இறந்த நாளான செப்டெம்பர் 28ஐ உலக நீர்வெறுப்பு நோய் தினமாக ஆண்டுதோறும் நினைக்கிறோம். அந்த வாரத்தில் மாநகர சபை எப்படியும் ஏதோ ஒரு ஒழுங்கைக்குள் ஊசியோடு போகும். வருகிற செப்டெம்பரில் அந்த ஒழுங்கை கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டமாக இருக்கட்டும். முதல் நாளே ஒலிபெருக்கியில் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லட்டும்: நாயைச் சங்கிலியில் கொண்டுவாருங்கள், பூனையைக் கூடையில் கொண்டுவாருங்கள், கோழியை விடிந்த பிறகும் கரப்பைத் திறக்காமல் அப்படியே வைத்திருங்கள், நாங்கள் வாசலுக்கு வருகிறோம். குளிர்ப் பெட்டிக்குள் கூடுதலாக ஒரு குப்பி, குழுவில் கூடுதலாக ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் எத்தனை கோழி நிற்கிறது என்ற கணக்கை நான் எடுத்து வைத்திருக்கிறேன்: ஒன்பது வீடு, நாற்பத்தொரு கோழி, ஏழு நாய். எங்கள் முறை வரும்போது கொடுப்பதற்குப் பட்டியல் ஆயத்தமாக இருக்கிறது.